இழுக்கும் ஸ்கேனரா, மேலிருந்து பார்க்கும் கேமராவா?

தஞ்சாவூர் அரண்மனை நாயக்கர் காலத்தில் எழும்பி, மராத்தியர் காலத்தில் வளர்ந்தது. அப்படியொரு கட்டடத்தின் பழைய வரைபடங்களை டிஜிட்டலாக்க இரண்டு வழி: தாளை உள்ளிழுக்கும் பெரிய ஸ்கேனர், அல்லது ஸ்டாண்டில் மாட்டிய கேமரா.

ஸ்கேனர் வேகம், அளவும் அவ்வளவாகப் பிசகாது. ஏ0 தாளை (சுமார் 84 × 119 செ.மீ.) 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, ஓட்டினால் ஒரே மூச்சில் சுமார் 14 கோடி பிக்சல். 45 மெகாபிக்சல் கேமராவில் அதே தெளிவு வேண்டுமென்றால் குறைந்தது நாலு படமாவது எடுத்து ஒட்டவேண்டும். ஒட்டிய இடத்தில் ஒரு சுவர்க்கோடு லேசாக விலகினாலும் பொறியாளர் விடமாட்டார். அளவையும் நிறத்தையும் பின்னால் சரிபார்க்க, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வண்ண அட்டையையும் வைத்தே எடுக்கவேண்டும்.

ஆனாலும் என் ஓட்டு கேமராவுக்குத்தான். ஐப்பசி ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறிப் பட்டுச் சுருண்டு கிடந்த தாள், மடிப்பில் அப்பளமாக நொறுங்கும். ஸ்கேனரின் உருளை இழுத்தால் அந்த மடிப்போடு எழுதியிருந்த அளவும் போச்சு. சரஸ்வதி மகால் நூலகத்திலுள்ள மோடி எழுத்து (மராத்தியை எழுதிய பழைய எழுத்துமுறை) ஆவணங்கள், ஓலைச்சுவடிகள் மாதிரியானவற்றுக்கு உருளை என்ற பேச்சே வேண்டாம்.

கிழிசல் இல்லாத, பிற்கால ப்ளூபிரிண்ட் (நீலத்தாள் வரைபட) நகலா? சரி, அதை ஸ்கேனரில் விடலாம், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து.