கடைக்கு வெப்சைட்: நாமே செய்வதா, தெரிந்த பையனிடம் கொடுப்பதா, டெவலப்பரை வைப்பதா?

பவானியில் ஜமக்காளம் விற்கிற ஒரு குடும்பக் கடை என்று வைத்துக்கொள்வோம். நேரில் வந்து வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், கல்யாண ஆர்டர் ஒரு பக்கம். இது போக சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தினமும் வாட்ஸ்அப்பில் நாலு பேர் கேட்கிறார்கள்: "அண்ணா, இந்தக் கலர் இருக்கா? கூரியர்ல அனுப்புவீங்களா? மொத்தம் எவ்வளவு ஆகும்?" பதில் போடுவதற்கே தனியாக ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அப்போதுதான் வீட்டில் "நமக்குன்னு ஒரு வெப்சைட் போட்டுடலாமே" என்ற பேச்சு எழும்.

போடலாம். யாரை வைத்துப் போடுவது என்பதில்தான் குழப்பம். வெப்சைட்டே வேண்டாம், இன்ஸ்டாகிராமே போதும் என்பார் ஒருவர். விக்ஸ், ஷாப்பிஃபை மாதிரி சந்தா கட்டிச் சைட் செய்துகொள்கிற சேவை ஒன்றில் நாமே செய்துகொள்ளலாம் என்பார் இன்னொருவர். அத்தை மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறானே என்பார் அப்பா. தொழிலாகவே இதைச் செய்கிற டெவலப்பர் ஒருவர் இருக்கிறார், பெரிய ஏஜென்சியும் இருக்கிறது.

அழகை வைத்து இவற்றுக்குள் முடிவெடுக்க முடியாது. இன்றைக்கு இலவச தீம் என்கிற ரெடிமேட் வடிவமைப்புகூட கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். சைட் யார் பெயரில் இருக்கிறது? ஒரு ஆர்டர் ஆரம்பம் முதல் கடைசி வரை சிக்கலில்லாமல் போய்ச் சேருகிறதா? ஆறு மாதம் கழித்து ஏதாவது நின்றுபோனால் யார் போனை எடுப்பார்?

வெப்சைட் இல்லாமலே ஓட்டுவது

இது மட்டமான வழி இல்லை. தெருவில் டிபன் கடை, தையல் கடை, ஒரு ஊருக்குள் வேலை செய்கிற பிளம்பர் என்றால் கூகுள் மேப்பில் சரியான பெயர், நேரம், போன் நம்பர், நல்ல போட்டோக்கள், கூடவே வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாக் இருந்தால் போதும். அவர்களிடம் வெப்சைட்டுக்குப் பணம் வாங்குவதே தப்பு என்பேன்.

ஆனால் அந்த இடம் நம்முடையது இல்லை. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 6 மணி நேரம் படுத்துவிட்டன. அன்றைக்கு அவற்றை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வியாபாரம் இல்லை. கூகுள் சிறு கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்க வெப்சைட் கொடுத்துக்கொண்டிருந்தது, அதையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. விசிட்டிங் கார்டிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தவர்கள் மாற்றி அடிக்க வேண்டியதாயிற்று. வெளியூர் வியாபாரம்தான் பாதி வருமானம் என்கிற கடை இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

நாமே செய்வது

விக்ஸும் ஷாப்பிஃபையும் 2006இல் தொடங்கியவை. இத்தனை வருடத்தில் நன்றாகவே பண்பட்டிருக்கின்றன. பத்துப் பதினைந்து பொருள், எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே விலை வரம்பு என்றால் ஒரு வாரம் உட்கார்ந்து நீங்களே செய்துவிடலாம். பாதுகாப்பு, ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கிற சர்வர் இடம்), அப்டேட் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாதச் சந்தா உண்டு, ஆனால் தலைவலி குறைவு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விக்ஸில் கட்டிய சைட்டை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. ஷாப்பிஃபையிலிருந்து பொருள் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், ஆர்டர் கணக்கு எல்லாவற்றையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதன் வடிவமைப்பு வேறு இடத்தில் ஓடாது. கடைக்கு நான் ஷாப்பிஃபையைத்தான் மேலாக நினைக்கிறேன்.

நம் ஜமக்காளக் கடை இந்த வழியில் முட்டி நிற்கிற இடம் கூரியர் கட்டணம். நிறைய கூரியர் கம்பெனிகள் எடை போட்டு மட்டும் பணம் வாங்குவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். வருகிற எண்ணும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குக் காசு. 50, 40, 20 அளவுப் பெட்டியில் 4 கிலோ ஜமக்காளம் வைத்தால் பில் 8 கிலோவுக்கு வரும். சைட்டில் "எங்கும் 100 ரூபாய் டெலிவரி" என்று போட்டுவைத்தால் விற்க விற்க நஷ்டம். எல்லாவற்றுக்கும் 500 என்று போட்டால் துண்டு வாங்க வந்தவர் ஓடிவிடுவார். பொருளுக்குப் பொருள், மண்டலத்துக்கு மண்டலம் அட்டவணை போட வேண்டும். ரெடிமேட் சைட்டிலும் இதைச் செய்ய வசதி இருக்கிறது. ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டுமே. நாமே செய்கிறவர்கள் பெரும்பாலும் முதல் மாத கூரியர் பில் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

தெரிந்த பையனும் சலுகை பேக்கேஜும்

இந்த வழியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். "டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து 4,999" என்று வருகிற விளம்பரத்தையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். டொமைன் என்பது சைட்டின் முகவரிப் பெயர்.

பையன் மேல் குற்றம் சொல்லவில்லை. ஆர்வமாக, சொந்தக்காரர் என்ற பாசத்தில் செய்துகொடுக்கிறான். அவசரத்துக்கு டொமைனைத் தன் ஈமெயிலிலேயே பதிவு செய்கிறான். அடுத்த வருடம் அவனுக்கு வேலை கிடைத்து ஊர் மாறுகிறான். புதுப்பிக்கச் சொல்லி வருகிற மெயில் அவன் திறக்காத இன்பாக்ஸுக்குப் போகிறது. ஒருநாள் காலையில் சைட் வரவில்லை. இன்னொருவர் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் வீடு கட்டிய கதைதான். காலக்கெடு தாண்டினால் அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கடைப் பெயரைத் திரும்ப வாங்க எவ்வளவு கேட்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

மலிவு பேக்கேஜில் இன்னொரு ஆபத்து உண்டு. சைட் கட்டுகிற மென்பொருளான வேர்ட்பிரஸுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமையும், பிளகின் என்கிற துணை மென்பொருளையும் திருட்டுப் பதிப்பாக எங்கிருந்தோ இறக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் கள்ளக் கோடு (code, நிரல்) ஒளிந்திருக்கலாம். இதன் ஒரு விளைவு சைட் நடத்துகிறவர்கள் மத்தியில் பிரசித்தம். கடைப் பெயரை கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் போலி பிராண்டு பொருட்களின் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் உங்கள் முகவரியிலேயே வரும். நீங்கள் நேராக சைட்டைத் திறந்தால் எல்லாம் வழக்கம்போல் தெரியும், அதனால் வாரக்கணக்கில் கண்ணில் படாது. சுத்தம் செய்து, கூகுளிடம் மறுபடி நல்ல பெயர் வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். பேக்கப் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து.

தொழில்முறை டெவலப்பர்

இவருக்குக் கொடுக்கிற கூடுதல் காசு எதற்கு என்பது ஆர்டர் வரும்போது தெரியும். பணம் கட்டும் கட்டத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒருவர் போனில் ஜமக்காளம் தேர்ந்தெடுக்கிறார். யுபிஐ அழுத்துகிறார், ஜிபே திறக்கிறது, பின் நம்பர் போடுகிறார், பணம் போய்விட்டது. அதே நேரத்தில் ஒரு அழைப்பு வருகிறது, அவர் பிரவுசருக்குத் திரும்பி வரவே இல்லை. வாடிக்கையாளர் திரும்பி வந்தால்தான் ஆர்டர் உறுதியாகும் என்கிற மாதிரி சைட் அமைக்கப்பட்டிருந்தால், அங்கே ஆர்டர் "பாக்கி" என்றே நிற்கும். அவருக்கோ கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கோபமாக போன் வரும்: "பணம் எடுத்துட்டீங்க, ஆர்டரைக் காணோமே!" அனுபவமுள்ளவர் ரேஸர்பே மாதிரியான பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற சேவை) நேராகவே சர்வருக்குத் தகவல் அனுப்பும்படி இணைப்புப் போடுவார். வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் ஆர்டர் பதிவாகும். ஒரு ரூபாய்க்குச் சோதனை ஆர்டர் போட்டு, பாதியில் பிரவுசரை மூடிப் பார்த்துவிட்டுத்தான் சைட்டைத் திறந்துவிடுவார்.

போட்டோவும் அப்படித்தான். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி இருக்கும். ஒரு பக்கத்தில் 20 படம் என்றால் 80 எம்பி. கிராமத்து சிக்னலில் எவர் காத்திருப்பார்? அதே படங்களை வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றி அளவைக் குறைத்தால் ஒன்று 150 கேபியில் அடங்கும், நெசவின் கோடும் நிறமும் கெடாது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. தேடலுக்கு அது பார்ப்பதும் போனில் தெரிகிற வடிவத்தைத்தான்.

தமிழில் சைட் வைக்கிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கடை பற்றிய வாசகம் வழக்கமாக நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடையிலிருந்து வரும். அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். விவரம் தெரியாதவர் அதைப் படமாக மாற்றி ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார். கூகுளுக்கு அது வெறும் படம். "பவானி ஜமக்காளம்" என்று தமிழில் தேடுகிறவருக்கு உங்கள் கடை அகப்படவே அகப்படாது. தமிழ் தெரிந்த நல்ல டெவலப்பர் அதை எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றி, முக்தா மலர், கேட்டமரான் (Catamaran) மாதிரி இலவசமாகக் கிடைக்கிற நல்ல எழுத்துரு ஒன்றைப் போட்டு, மேல்விலங்கும் கால் சுழியும் வெட்டுப்படாமல் வரி இடைவெளியைச் சரிசெய்வார். இதற்காகவே நம் பக்கத்து டெவலப்பரைத் தேடுங்கள் என்பேன்.

சட்டப் பக்கத்தையும் இவர்தான் நினைவூட்டுவார். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி கடையின் சட்டப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், புகார் கேட்கிற அதிகாரியின் பெயர், திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாம் சைட்டில் இருக்க வேண்டும். இவற்றில் பாதி இல்லாவிட்டால் பேமென்ட் கேட்வேக்காரர்களே கணக்கைத் திறக்க யோசிப்பார்கள்.

இவ்வளவு சொன்னாலும் டெவலப்பரை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நம் 1957 பதிப்புரிமைச் (copyright) சட்டத்தில், உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எழுதிய கோடு உங்களுடையது. வெளியாள் எழுதினால், காசு கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றிக்கொடுக்காத வரை உரிமை அவருடையது. மாற்றிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் விற்க நினைக்கிற கடை ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி, உரிமை முழுவதும் நிரந்தரமாக, எல்லா நாட்டுக்கும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. நல்ல டெவலப்பர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

ஏஜென்சி

ஆள் பலம் இருக்கும், ஒருவர் லீவில் போனாலும் வேலை நிற்காது. ஆனால் சின்னக் கடையின் வேலை அங்கே பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் கைக்குத்தான் போகும், நீங்கள் பேசுவது அவரிடமும் இல்லை, இடையில் இருக்கிற மேனேஜரிடம். விலையும் பல மடங்கு. நாலைந்து கிளை, சொந்த பில்லிங் மென்பொருளோடு இருப்பு இணைப்பு, விளம்பரக் குழு என்று வளர்ந்த நிறுவனத்துக்குச் சரி. நம் கடைக்கு இப்போது வேண்டாம்.

என் தேர்வு

நம் ஜமக்காளக் கடைக்குத் தனி டெவலப்பர். ஆனால் எல்லாவற்றையும் புதிதாகக் கோடு எழுதிக் கட்டுகிறவர் அல்ல. ஷாப்பிஃபையோ, வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற கடைப் பிளகினோ, ஊரறிந்த ஒன்றின் மேல் கட்டுகிறவர். நாளைக்கு இவர் கிடைக்காவிட்டாலும் அதைத் தெரிந்த இன்னொருவரை எளிதில் பிடிக்கலாம். தானே உருவாக்கிய சிஸ்டம் என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆளை எடை போட ஒரு வழி, அவர் என்ன கேட்கிறார் என்று பார்ப்பது. "எந்த கலர்ல சைட் வேணும்?" என்று ஆரம்பிக்கிறவரைவிட, "மாசம் எத்தனை ஆர்டர் வெளியூர் போகுது? பார்சல் யார் கட்டறாங்க? திரும்பி வந்தா என்ன பண்றீங்க?" என்று கேட்கிறவர் மேல். அவர் முன்பு செய்துகொடுத்த சைட்டில் ஒன்றிரண்டை உங்கள் போனில் திறந்து பாருங்கள். முடிந்தால் அந்தக் கடைக்காரரிடமே பேசி, சைட் கொடுத்த பிறகு போன் எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

டொமைனை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். பெரிய வேலை இல்லை, போனில் ரீசார்ஜ் செய்யத் தெரிந்தவருக்கு இதுவும் வரும். ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே கணக்குகளும் அப்படியே. டெவலப்பருக்குத் தனி லாகின் கொடுத்தால் போதும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடக்கத்தில் ஒரு பங்கு, சோதனை ஆர்டர் சரியாக வந்ததும் ஒரு பங்கு, எல்லா பாஸ்வேர்டும் பேக்கப் கோப்பும் கைக்கு வந்து, அந்த பேக்கப்பிலிருந்து சைட்டை ஒருமுறை மீட்டுக் காட்டிய பிறகு மீதி. வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதையும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.