முப்பது இணைகளில் அன்பை அளக்கும் வினாத்தாள்

அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகர் கேரி சாப்மன், தம்மிடம் ஆலோசனைக்கு வந்த தம்பதியரின் மனக்குறைகளிலிருந்து வகுத்தெடுத்த 'ஐந்து அன்பு மொழிகள்' என்னும் கருத்து 1992இல் நூலாக வெளிவந்தது. பாராட்டுச் சொல், முழுக் கவனத்தோடு செலவிடும் நேரம், பரிசு, உதவி, தொடுகை ஆகியவையே அந்த 'மொழிகள்', அதாவது அன்பை உணர்த்தும் வழிகள். இவற்றில் ஒருவருக்கு எது முதன்மையானது என்று கண்டறியும் வினாத்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நானும் என் கணவரும் அதைத் தனித்தனியே நிரப்பிப் பார்த்தோம்.

நிரப்புவதில் சிரமம் ஏதுமில்லை. சிக்கல் அதன் அமைப்பில் இருக்கிறது. மொத்தம் 30 இணைகள். பாராட்டா, அணைப்பா என்பதுபோல் ஒவ்வோர் இணையிலும் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே ஒன்றுக்கு மதிப்பெண் கூடினால் மற்றொன்றுக்குக் குறைந்தே தீரும். ஐந்துக்கும் ஏங்குபவரும் ஐந்தையும் பெரிதாக மதிக்காதவரும் ஒரே விடைகளைத் தரக்கூடும். இருவருக்கும் கிடைக்கும் முடிவும் ஒன்றாகவே இருக்கும். எமிலி இம்பெட், ஹேயங் கிடியன் பார்க், ஏமி மியூஸ் ஆகிய உளவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புக் கட்டுரையும் இதைச் சுட்டுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னால், பெரும்பாலோர் ஐந்தையுமே முக்கியம் என்கிறார்களாம். துணைவர்களின் முதன்மை மொழி ஒன்றாக இருந்தால் இல்லறம் கூடுதலாக இனிக்கும் என்பதற்கும் வலுவான சான்று இல்லை என்றே அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஒரு மொழியைத் தேடுவதைவிட, சரிவிகித உணவைப்போல எல்லாமும் கலந்து கிடைப்பதே நல்லது என்பது அவர்கள் முன்வைக்கும் மாற்று.

வகைப்பாட்டின் எல்லைகளும் அவ்வளவு தெளிவாக இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தந்ததை என் கணவர் பரிசுக் கணக்கில் வைத்தார். நானோ, நான் ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் பார்த்து முடிக்கும்வரை அவர் அலுத்துக்கொள்ளாமல் கடையில் உட்கார்ந்திருந்ததைத்தான் கணக்கில் வைத்தேன். வினாத்தாளால் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான பயன், விடைகளை ஒப்பிட்டபோது எழுந்த இந்தப் பேச்சுதான். (மதிப்பெண் பட்டியலை இருவருமே பிறகு திறந்து பார்க்கவில்லை.)

மனம்விட்டுப் பேசத் தொடக்கம் கிடைக்காத தம்பதியருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். துணையின் புறக்கணிப்பையோ வன்சொல்லையோ 'அவருடைய மொழி வேறு' என்று பொறுத்துப்போகக் காரணம் தேடுபவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பயிற்சி பெற்ற ஆலோசகரை நாடுவதே நல்லது.