நயம் பாராட்டலா, பீல் முறையா? எங்கள் வீட்டில் நான்தான் கட்சி மாறினேன்

நான் தஞ்சாவூர்ப் பக்கம் படித்தவள். ஒரு பாட்டைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்றால் கை தானாக ஓடும்: மையக்கருத்து, எதுகை நயம், மோனை நயம், அணி நயம், சந்த நயம். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே நாலு வரி. என் மகள் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது பழகியது வேறு. பீல் என்பார்கள்: பாயிண்ட், எவிடன்ஸ், எக்ஸ்பிளனேஷன், லிங்க். நம் சொல்லில் கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு. இந்த வருடம் தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) எச்2 என்ற பாட நிலையில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுத்திருக்கிறாள். கட்டுரையின் நடுப் பத்திகளை எந்த முறையில் எழுதுவது என்று உட்லண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

வேகம் என்று பார்த்தால் நயம் பாராட்டல்தான். எதுவும் விட்டுப்போகாது. பீல் முறையில் முதல் வாக்கியத்துக்கே பத்து நிமிடம் போகிறது. இதெல்லாம் தெரிந்த கதை. எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: மேற்கோளைப் போட்ட பிறகு என்ன எழுதுகிறோம்?

குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுத்துக்கொண்டோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துத் தலைவன் சொல்வது இது: என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம், ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல அன்புள்ள நெஞ்சங்கள் தாமே கலந்துவிட்டன. ‘தலைவியின் அச்சத்தைத் தலைவன் எவ்வாறு போக்குகிறான்?’ என்று ஒரு கேள்வியை நானே போட்டேன்.

என் முறைப்படி மகள் எழுதியது: ‘செம்புலப் பெயல்நீர் போல என்ற இடத்தில் உவமை அணி பயின்று வந்துள்ளது. கவிஞர் இதை மிக அழகாகக் கையாண்டுள்ளார். இவ்வுவமையாலேயே அவர் செம்புலப் பெயல்நீரார் எனப் பெயர் பெற்றார்.’ மூன்று வாக்கியமும் சரிதான். ஆனால் தலைவியின் அச்சம் எங்கே போயிற்று? பெயர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். இருந்தும் இந்தக் கேள்விக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ‘அழகாக’ என்று எழுதிவிட்டால் விளக்கிவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நானும் எத்தனையோ வருடம் அப்படித்தான் மதிப்பெண் வாங்கினேன்.

அதே மேற்கோளை பீல் முறையில் எழுத உட்கார்ந்தபோது, ‘பிரிக்க முடியாத கலப்பைக் காட்டித் தலைவன் அச்சத்தைப் போக்குகிறான்’ என்று தொடங்க வேண்டியதாயிற்று. சொல்லியாயிற்று, இனி அதை நிறுவ வேண்டும். ஏன் மழைநீர்? செம்மண்ணில் விழுந்த நீர் அந்த மண்ணின் நிறத்தையே வாங்கிக்கொள்கிறது; மழையாக விழுந்தபோது இருந்த நிறத்துக்கு அது அப்படியே திரும்பப்போவதில்லை. பிரிவுக்கு அஞ்சுகிறவளுக்கு நேரான பதில். அதோடு நிறுத்தப் பார்த்தாள். “வேற என்னம்மா இருக்கு இதுல?” சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

இரண்டாம் தடவை படிக்கும்போது பிடித்துவிட்டாள். யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும் என்று முதல் மூன்று வரியிலும் ஆட்கள் இரண்டிரண்டாக, ‘உம்’ போட்டுத் தனித்தனியாக நிற்கிறார்கள். கடைசி வரியில் அந்த ஜோடி காணவில்லை. என் நெஞ்சும் உன் நெஞ்சும் என்று அவன் சொல்லவில்லை. ‘அன்புடை நெஞ்சம்’ என்று ஒரே சொல். வினை மட்டும் ‘கலந்தன’ என்று பன்மையில் இருந்து, முன்பு இரண்டு இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. உவமை சொன்ன கலப்பை இலக்கணமும் செய்துவிடுகிறது. ‘தாம்’ என்ற சொல்லையும் விடவில்லை: யாரும் கலக்காமல் தாமே கலந்தவை, அதனால் யாராலும் பிரிக்க முடியாது என்றாள். கொஞ்சம் இழுப்பு என்று பட்டது. சரி, அவள் பத்தி.

இப்போது அந்தப் பத்தியில் பாதிக்கு மேல் விளக்கம்தான். மேற்கோள் ஆறேழு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

நயம் பாராட்டலைக் கழித்துக்கட்டிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அந்த ‘உம்’ காதில் விழுந்ததே எதுகை மோனை தேடும் பழக்கத்தால்தான். அந்தப் பட்டியலை வரைவுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறாள். பத்திக்குள் அது வருவதில்லை. பீல் முறையில் எனக்கு ஒரு புகார் உண்டு: கடைசியில் வரும் இணைப்பு. முதல் வாக்கியத்தையே முன்னால் ‘இவ்வாறு’ சேர்த்துத் திரும்பச் சொல்வதாகத்தான் பெரும்பாலும் அது முடிகிறது. அடுத்த பத்திக்கு வழிவிடாத இணைப்பை அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் சின்னப் பாட்டுகளை வைத்துப் பார்த்தது. நாடகத்துக்கு ஒரே ஒரு பத்தி எழுதிப் பார்த்தாள். காட்சியைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இடம் போய்விட்டது, விளக்கம் ஒரு வரிதான் மிஞ்சியது. அது முறையின் குறையா, முதல் முயற்சி என்பதாலா என்று இப்போதே சொல்ல மாட்டேன். அப்புறம், கேள்வியே ‘நயம் பாராட்டுக’ என்று வந்தால் தலைப்புப் போட்டு எழுதிவிடுங்கள். அங்கே பீலைக் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம்.