மதிலுக்கு ஹோமோகிராபி, தூணுக்கு கிரே கோட்

யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் படம் காட்டப் போனால் திரை கிடைப்பது அரிது. ஒருநாள் சுண்ணாம்பு அடித்த மதில், மறுநாள் உருண்டைத் தூண்கள் நிற்கும் திண்ணை. புரொஜெக்டர் வீசும் படத்தைக் கமெராவை வைத்து நேராக்கும் இரண்டு வழிகளை, ஹோமோகிராபியையும் கிரே கோட்டையும், நான் மாறிமாறிப் பயன்படுத்துகிறேன்.

மதில் என்றால் ஹோமோகிராபிதான்: ஒரு தளத்தின் புள்ளிகளை இன்னொரு தளத்தின் புள்ளிகளோடு பொருத்தும் கணக்கு அது. படம் விழவேண்டிய செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் சோக்கால் குறியிட்டு, சதுரங்கக் கட்டத்தை அதன்மேல் வீசி, கமெராவால் ஒரேயொரு படம் எடுத்தால் போதும். இந்தக் கணக்கின் 3×3 அணியில் (எண் கட்டத்தில்) தெரியாதவை 8. நான்கு புள்ளிகளிலேயே கணக்குத் தீரும். கட்டத்தின் மூலைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் பிழை இன்னும் குறையும். புரொஜெக்டரில் படத்தின் சரிவைத் திருத்தும் கீஸ்டோன் பொத்தானும் இதைத்தான் செய்கிறது, ஆனால் கண்ணளவில்.

இதையே திண்ணையில் போட்டேன். 'அ' எழுத்தின் கிடைக்கோடு தூணின் விளிம்பில் முறிந்து, நாலு விரல் கீழே போய்த் தொடர்ந்தது. பரப்பு ஒரே தளமாக இருந்தால்தான் அந்த அணி செல்லும்.

தூணுக்கு கிரே கோட் வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டைகளை வரிசையாக வீசி, ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக அடையாளம் காண்கிற முறை இது. கறுப்பு 0, வெள்ளை 1 என்று வாசித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைக்கும். 1280×800 புள்ளிகள் உள்ள புரொஜெக்டரில் நெடுக்கு வரிசைகளுக்கு 11 படம், கிடை வரிசைகளுக்கு 10 படம். ஒவ்வொன்றுக்கும் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிய எதிர்ப்படம் சேர்த்து 42, முழுவெள்ளையும் முழுக்கறுப்பும் சேர்த்து 44. சாதாரண இரும எண்ணில் 7இலிருந்து 8க்குப் போகும்போது நான்கு இலக்கங்கள் ஒன்றாக மாறும். கிரே கோட்டில் ஒன்றே ஒன்றுதான் மாறும். அதனால் பட்டையின் விளிம்பில் கமெரா தடுமாறினாலும் பக்கத்துப் புள்ளிக்கு மேல் பிழை போகாது. எதிர்ப்படத்தின் அருமை பாசி பிடித்த சுவரில்தான் தெரியும்: பாசியில் விழும் வெள்ளை, புதுச் சுண்ணாம்பில் விழும் கறுப்பை விட மங்கலாக இருக்கலாம். அதே இடத்தில் இரண்டு படங்களில் எது வெளிச்சம் என்று மட்டும் பார்த்தால் அந்தக் குழப்பமே இல்லை. ஓப்பன்சிவி (OpenCV) என்ற கணினிப் பார்வை மென்பொருள் தொகுப்பில் இதற்கான புரோகிராம் ஆயத்தமாகவே இருக்கிறது. கமெரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷரை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் 44 படமும் எடுத்து முடியும்வரை எதுவும் அசையக்கூடாது. சோளகக் காற்றில் கட்டிய வேட்டித் திரைக்கு இது சரிவராது. அங்கே ஒரே படத்தில் முடியும் ஹோமோகிராபியே மேல்.

இன்னொன்று பலருக்குப் பிந்தித்தான் தெரியவருகிறது. மதிலில் சோக்குக் குறிக்குப் பொருத்திய படம் எங்கிருந்து பார்த்தாலும் மதிலில் செவ்வகம்தான். தூணில் கிரே கோட்டால் திருத்தியதோ கமெரா நின்ற இடத்திலிருந்து மட்டுமே நேராகத் தெரியும். எந்த இடத்திலிருந்தும் கணக்கிட வேண்டுமானால் பரப்பின் முப்பரிமாண வடிவும் கமெரா, புரொஜெக்டர் வில்லைகளின் அளவுகளும் தேவை. அதற்கு மொரேனோ, தௌபின் என்ற ஆய்வாளர்கள் 2012இல் தந்த முறை இருக்கிறது. என் வேலைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. கமெராவைப் பாயில் இருக்கும் பிள்ளையின் கண்ணுயரத்தில், கூட்டத்தின் நடுவில் வைக்கிறேன்.

எடுத்து முடிந்ததும் கமெராவைத் தூக்கிவிடலாம். புரொஜெக்டர் மேசை அசைந்தால் 44 படமும் திரும்ப எடுக்கவேண்டும். அதன் கால்களுக்கு மண்மூட்டை வைத்துவிட்டே பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறேன்.