ஜூம் வெபினார் போதுமா, ஜூம் ஈவென்ட்ஸ் வேண்டுமா?

இணையத்தில் நிகழ்ச்சி நடத்த உதவும் இரண்டும் ஒரே நிறுவனத்தின் சேவைகள்தான், வேலை வேறு. வருபவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களா, தங்களுக்குள் பேசிப் பழகவும் வருகிறார்களா? பணம் கட்டுமுன் இதை முடிவு செய்யுங்கள்.

கேட்டால் போதும் என்றால் வெபினாரே சரி. பார்வையாளரின் கேமராவும் மைக்கும் அணைந்தே இருக்கும். ஹோஸ்ட், அதாவது நடத்துபவர், அனுமதித்தால் பேசலாம். முகமும் தெரிய வேண்டுமானால் அவரைப் பேனலிஸ்ட், அதாவது மேடையில் இருப்பவர்களில் ஒருவர், ஆக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய இணைப்பு ஒருமுறை துண்டாகி மறுபடி சேரும் என்பதால், பேச்சாளர் பேசி முடித்த பிறகு செய்வது நல்லது. கேள்வி-பதில் பெட்டி அருமை. சாட்டில் போட்ட கேள்வி மேலே ஓடிவிடும். இங்கே பதில் சொல்லும்வரை நிற்கும்.

வெபினாருக்கு நேரம் குறிக்கும்போதே, பார்வையாளர் வருமுன் ஒத்திகை பார்க்க உதவும் 'பிராக்டிஸ் செஷன்' கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். மறந்தால், ஹோஸ்ட் தொடங்கிய நொடியிலிருந்து நிகழ்ச்சி நேரலை, "மைக் கேக்குதா?" என்பதும் எல்லார் காதிலும் விழும்.

ஈவென்ட்ஸ், பல அரங்குகள் உள்ள மண்டபம் மாதிரி. நுழைந்ததும் வரும் லாபி, ஒரே நேரத்தில் நடக்கும் செஷன்கள் (அமர்வுகள்), ஸ்பான்சர்கள் கடை விரிக்கும் எக்ஸ்போ அரங்குகள், டிக்கெட் எல்லாம் உண்டு. பல நாள் மாநாட்டுக்கும் தாங்கும். சொதப்பல் பெரும்பாலும் செஷன் வகையில்தான் நேர்கிறது. ஒவ்வொரு செஷனும் எல்லாரும் பேசக்கூடிய மீட்டிங்கா, வெபினாரா என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கலந்துரையாடலை வெபினாராக வைத்துவிட்டால், வந்தவர்கள் பேச வழியின்றி உட்கார்ந்திருப்பார்கள். முக்கிய உரையை மீட்டிங்காக வைத்தால், யார் வீட்டு மிக்ஸி சத்தமோ நடுவில் புகும்.

அடுத்த சிக்கல் மின்னஞ்சல். டிக்கெட் ஒரு முகவரியில், ஜூம் செயலியில் உள்நுழைந்திருப்பது இன்னொன்றில் என்றால் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உறுதிப்படுத்தும் மடலின் முதல் வரியிலேயே 'இதே முகவரியில் உள்நுழையவும்' என்று எழுதுங்கள். முதல் அரை மணி நேரம் உதவிக்கென்றே ஓர் ஆள் இருக்கட்டும்.

எக்ஸ்போவை நம்பி ஸ்பான்சர் பிடிப்பவர்கள், செஷன்களுக்கு நடுவே 20 நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். அடுத்தடுத்து உரைகள் இருந்தால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள், பணம் கொடுத்தவர் காலி அரங்கில் காத்திருப்பார்.

ஒன்றரை மணி நேர உரைக்கு ஈவென்ட்ஸ் வாங்குவது வீண்செலவு. இரண்டு செஷன்கள் இணையாக ஓடினால் வாங்கலாம். வாங்கினால், முந்தைய நாளே வேறொரு முகவரியில் டிக்கெட் எடுத்து, இன்னொரு கணினியில் பார்வையாளராக நுழைந்து ஒவ்வொரு செஷனையும் திறந்து பாருங்கள்.