இருபது வருடமாகக் கூட வரும் ‘லைவ் இன் லண்டன்’

அமெரிக்க காஸ்பல் (கறுப்பினச் சபைகளின் கிறிஸ்தவப் பக்தி இசை) பாடகர் ஆண்ட்ரே க்ரவுச்சும் அவருடைய ‘தி டிசைப்பிள்ஸ்’ குழுவும் 1978இல் வெளியிட்ட ‘லைவ் இன் லண்டன்’ என் கைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. முதலில் நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட். பிறகு பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் வாங்கிய இரட்டைத் தட்டு. இப்போது பெரும்பாலும் கைப்பேசியில்தான் ஓடுகிறது. என் ரசனை இதற்குள் எங்கெங்கோ போய்த் திரும்பிவிட்டது. இந்த ஆல்பத்தை மட்டும் ஒரு வருடம்கூட நான் மறந்ததில்லை.

லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் மேடையில் பாடியபோதே பதிவானது. அந்த வருடத்துக்கான கிராமி இசை விருதும் வாங்கியது.

இந்த ஆல்பத்தில் கலந்திருக்கிற ஃபங்க் என்கிற துள்ளல் இசையில் பேஸ் கிதாரும் (கீழ்ச் சுரங்களை வாசிப்பது) ட்ரம்ஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும். நாலு அடித் தாளத்தில் முதல் அடி நச்சென்று விழும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகளில் கைத்தட்டு விழுவதோ இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும். இந்த ஆல்பத்தில் இரண்டும் சேர்கின்றன: பேஸ் முதல் அடியில் காலை ஊன்றும், கைத்தட்டு இரண்டாவது அடியில் பதில் சொல்லும். முதல் சில மாதம் இதெல்லாம் என் காதில் விழவே இல்லை, குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு ‘யூ டோன்ட் ஹாவ் டு ஜம்ப் நோ ப்யூஸ்’ கேட்டபோதுதான் கவனம் அடியில் ஓடுகிற பேஸுக்கு இறங்கியது. விசுவாசத்தில் ‘மறுபடியும் பிறந்ததை’க் காட்ட ஆலயத்தில் பெஞ்சு தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை என்று சொல்கிற பாட்டு அது. ஆனால் தாளம் உட்காரவே விடாது. அன்றைக்கு அதை மட்டும் நாலைந்து தடவை கேட்டேன்.

இளைஞர்களை இழுக்கச் சபைக்குள் கொண்டுவந்த வெளியுலகச் சரக்கு இந்த ஃபங்க் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. க்ரவுச்சின் அப்பா போதகர். அவர்கள் சேர்ந்த ‘சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்’ சபையில் ட்ரம்ஸும் டாம்பரினும் ஆராதனையோடு பிறந்தவை. ஃபங்க் அங்கிருந்து கடன் வாங்கிக்கொண்டு போனது, க்ரவுச் அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் ‘மேன் இன் தி மிரர்’ பாட்டுக்குப் பின்னால் முழங்கியதும் அவருடைய பாடகர் குழுதான்.

‘பெர்ஃபெக்ட் பீஸ்’ எனக்கு இன்னும் நெருக்கம். பைபிளில் ஏசாயா 26இல் நாம் ‘பூரண சமாதானம்’ என்று படிக்கிற அதே வார்த்தை. அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பாடகர் குரல் எவ்வளவு தூரம் போனாலும் பில் மேக்ஸ்வெல்லின் ட்ரம்ஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். அன்றைக்கு எனக்கு அந்த நிலைநிற்பு தேவைப்பட்டது.

‘மை ட்ரிப்யூட்’ பாட்டை நம் ஊர் ஆங்கில ஆராதனைகளில் கேட்டிருப்பீர்கள். எழுதியவரே பாடுவது இதில் இருக்கிறது. க்ரவுச் 2015 ஜனவரியில் இறந்த செய்தி வந்த அன்று இதைத்தான் போட்டேன். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

குறை இல்லாமல் இல்லை. ஒரே மூச்சில் கேட்க நீளம் அதிகம், இரண்டு தட்டின் நாலு பக்கமும் ஓடுகிறது. மெதுவான பாட்டுகள் சில எழுபதுகளின் இனிப்போடு இழுக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போகிற நாளும் உண்டு. கூட்டத்தின் சத்தத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஒருவர் கூப்பிட எல்லோரும் பதில் கொடுக்கிற பாட்டுகள் இவை, பதில் கேட்டால்தான் பாட்டு முழுதாகும்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘இஃப் ஐ வாஸ் எ ட்ரீ’யில் தொடங்கலாம். ‘கல்லுகளே கூப்பிடும்’ என்கிற லூக்கா 19 வசனம் தெரிந்தவர்களுக்கு முதல் தடவையே பிடித்துவிடும். ஸ்பீக்கரில் கேளுங்கள், கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் காணாமல் போய்விடும்.

என் இரண்டாவது தட்டில், வாங்கியபோதே, ஒரு கீறல் இருந்தது. அந்த இடத்தில் ஊசி ‘டக்’கென்று தாண்டும். கைப்பேசியில் அந்தக் கீறல் இல்லை. ஆனாலும் அந்த வரி நெருங்கும்போது ஊசியைத் தூக்க என் கை இன்னும் எழும்புகிறது.