ப்ளூடூத்தா, வைஃபையா, கேபிளா: கார் ஈசியுவை லேப்டாப்ல படிக்க எதை வாங்கலாம்?

செக் என்ஜின் லைட் எரிஞ்சா, காரோட கம்ப்யூட்டரான ஈசியு என்ன சொல்லுதுன்னு படிக்க உடனே ஆன்லைன்ல முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு நீல கலர் ப்ளூடூத் டப்பா வாங்கிடறோம், அப்புறம் அது லேப்டாப்ல கனெக்ட் ஆகலன்னு ரெண்டு நாள் உட்கார்ந்து போராடறோம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். போன்ல பாக்க மட்டும்னா ப்ளூடூத் போதும், லேப்டாப்னா ஒயர் போட்ட யூஎஸ்பி கேபிள்தான், அதுலயும் உள்ள என்ன சிப் இருக்குன்னு பாத்து வாங்கணும். அதுக்கும் மேல எந்த கம்பெனி கார்ங்கறதுதான் பாதி முடிவை எடுக்குது. ஏன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

முதல்ல உங்க கார்ல ஓபிடி2, அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடிச்சு சொல்ற பொது முறை, இருக்கான்னு பாருங்க. சென்னை உட்பட 13 ஊர்ல 2010 ஏப்ரல்லயே பிஎஸ்4ங்கற புகை விதி வந்துடுச்சு, ஆனா ஓபிடி2 கட்டாயமானது 2013 ஏப்ரல்ல இருந்துதான். அதுக்கு முன்னாடி வந்த கார்ல ஸ்டியரிங்குக்கு கீழ டப்பாவை சொருகற அதே 16 பின் சாக்கெட் இருக்கலாம், ஆனா உள்ள பேசற பாஷை வேறயா இருக்கலாம். சாக்கெட்ல 16ஆவது பின் பேட்டரி பிளஸ், 4ஆவது கிரவுண்ட், 6ம் 14ம் கேன்ங்கற பாஷைக்கான ஒயர், 7ஆவது கே-லைன்ங்கற பழைய பாஷைக்கு. புது கார் எல்லாம் கேன், பழசுல பலது கே-லைன். மலிவான டப்பாக்கள்ல நிறைய கே-லைனுக்கான பார்ட்டையே போடாம விட்டுடறாங்க, அதனாலதான் ஒரே டப்பா பக்கத்து வீட்டு புது ஐ20ல ஓடும், உங்க பழைய ஸ்விஃப்ட்ல "பஸ் இனிட் எரர்"னு நிக்கும்.

இந்த டப்பா எல்லாத்துக்கும் மூலம் ஈஎல்எம்327ங்கற சிப். கனடாவுல ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி பண்ணினது, முதல் வெர்ஷன்ல காப்பி ப்ரொடெக்ஷன் போடாம விட்டதால சீனாவுல அப்படியே நகல் எடுத்துட்டாங்க. அந்த கம்பெனியும் 2022ல மூடியாச்சு. டப்பா மேல "வி1.5"னு போட்டிருந்தா அது கண்டிப்பா நகல்தான், ஏன்னா ஒரிஜினல் கம்பெனி 1.5னு ஒரு வெர்ஷன் விட்டதே இல்ல. "வி2.1"னு போட்ட மலிவு டப்பாக்கள் இன்னும் மோசம், நம்பர் பெருசா இருக்கறதால புதுசுன்னு நினைச்சு வாங்கறோம், ஆனா பல கமாண்டே அதுல கிடையாது, நீளமான பதில் வந்தா பாதியில வெட்டிடும். சிம்பிளா எரர் கோடு (கோளாறுக்கு கார் குடுக்கற நம்பர்) படிக்க ஓகே, அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

சரி, ப்ளூடூத். போன்ல டார்க் (Torque) மாதிரி கார் ஆப்ல அருமையா ஓடற அதே டப்பா லேப்டாப்ல ஏன் படுத்துதுன்னா, விண்டோஸ் அதை ஒரு காம் போர்ட்டா, அதாவது சாஃப்ட்வேர் டப்பாகிட்ட பேசற வாசலா, மாத்தணும். டப்பாவை லேப்டாப்போட பேரிங் (ஜோடி) பண்ணும்போது கேக்கற பின் நம்பர் 1234 இல்லன்னா 0000. விண்டோஸ் 11ல சில டப்பா லிஸ்ட்லயே வராது, செட்டிங்ஸ்ல ப்ளூடூத் டிவைஸ் டிஸ்கவரின்னு ஒண்ணு இருக்கும், அதை அட்வான்ஸ்டுக்கு மாத்தினாதான் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு காம் போர்ட் உருவாகும், இன்கமிங் ஒண்ணு அவுட்கோயிங் ஒண்ணு. சாஃப்ட்வேர்ல அவுட்கோயிங் போர்ட்டைத்தான் குடுக்கணும், இன்கமிங்க குடுத்தா சும்மா காத்துக்கிட்டே இருக்கும், பாதி பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க. இன்னொண்ணு, ஐபோன்லயும் ஓடும்னு சொல்லி விக்கற ப்ளூடூத் லோ எனர்ஜி மட்டும் இருக்கற டப்பாக்கு காம் போர்ட்டே வராது, லேப்டாப் சாஃப்ட்வேர் பெரும்பாலும் அதை பாக்கவே பாக்காது. வாங்கறதுக்கு முன்னாடி இதை மட்டுமாவது செக் பண்ணுங்க.

வைஃபை டப்பா பத்தி நிறைய சொல்ல இல்ல. டப்பாவே ஒரு நெட்வொர்க் விடும், லேப்டாப்ப அதுல கனெக்ட் பண்ணி 192.168.0.10, போர்ட் 35000 குடுத்தா ஓடிடும், டிரைவர் தொல்லை இல்ல. ஆனா அந்த நேரம் லேப்டாப்ல இன்டர்நெட் போயிடும், ஒரு கோடுக்கு அர்த்தம் தேடணும்னா போனை எடுக்கணும். காம் போர்ட் மட்டும் கேக்கற சாஃப்ட்வேருக்கு இது உதவவும் உதவாது. ஐபோன் வெச்சிருக்கறவங்களுக்காக வந்த ஐட்டம், லேப்டாப்புக்கு என் லிஸ்ட்ல கடைசி.

இப்ப யூஎஸ்பி கேபிள், இங்கதான் விஷயமே இருக்கு. கேபிளுக்குள்ள ரெண்டு சிப். கார்கிட்ட பேச ஒண்ணு, லேப்டாப்கிட்ட பேச ஒண்ணு. ரெண்டாவது சிப்தான் டிரைவர் பிரச்சனையை கொண்டு வருது. மூணு வகை பாக்கலாம்: எஃப்டிடிஐ, சிஎச்340, ப்ரொலிஃபிக். ரிச்சி ஸ்ட்ரீட்ல யூஎஸ்பி டு சீரியல் கேபிள் கேட்டாலும் இந்த மூணுல ஒண்ணைத்தான் எடுத்து குடுப்பாங்க. என் ஓட்டு எஃப்டிடிஐக்கு, ஆனா அது ஒரிஜினலா இருக்கணும். 2014ல விண்டோஸ் அப்டேட் வழியா வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப்புகளோட அடையாள நம்பரையே பூஜ்ஜியமா மாத்தி கேபிளை கண்ணுக்குத் தெரியாம ஆக்கிடுச்சு, அப்புறம் பெரிய சத்தம் வந்து அந்த அப்டேட்டை எடுத்தாங்க. ப்ரொலிஃபிக்ல வேற கதை, பழைய மாடல் சிப்பா இருந்தா இப்ப வர்ற டிரைவர் டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் போட்டு, இந்த சிப்பை 2012லயே நிறுத்திட்டோம், வித்தவர்கிட்ட கேளுங்கன்னு எழுதியே காட்டும். பழைய டிரைவருக்கு ரோல்பேக் பண்ணினா ஓடும், ஆனா விண்டோஸ் திரும்ப அப்டேட் பண்ணிடும். சிஎச்340 மலிவு, ஆனா சொல்லப்போனா பிரச்சனை கம்மி, சும்மா கோடு படிக்கறவங்களுக்கு தாராளமா போதும்.

எஃப்டிடிஐ போட்டவங்க டிவைஸ் மேனேஜர்ல அந்த போர்ட்டோட அட்வான்ஸ்டு செட்டிங்க திறந்து லேட்டன்சி டைமர்னு இருக்கறதை பாருங்க, டீஃபால்ட்டா 16 மில்லிசெகண்ட் இருக்கும், அதை 1க்கு இறக்குங்க. கே-லைன் கார்லயும் பிஎம்டபிள்யூவோட பழைய சாஃப்ட்வேர்லயும் "கனெக்ஷன் கட் ஆகுது"ன்னு புலம்பறதுல பாதி இதுலயே சரியாயிடும். அதே இடத்துல காம் நம்பரையும் சின்னதா மாத்திக்கலாம், சில பழைய சாஃப்ட்வேர் காம்17 எல்லாம் வந்தா முழிக்கும்.

கேபிள் வேலை செய்யுதா இல்ல சாஃப்ட்வேர்தான் சொதப்புதான்னு பிரிச்சுப் பாக்க ஒரு நல்ல வழி, புட்டி (PuTTY) மாதிரி கமாண்ட் அடிக்கற ஒரு டெர்மினல் சாஃப்ட்வேரை திறந்து சீரியல்ல காம் நம்பர், ஸ்பீடு 38400 குடுங்க, ஓபிடிலிங்க்ங்கற பிராண்டு டப்பான்னா 115200. ஏடிஇசட்னு (ATZ) அடிச்சு என்டர் தட்டினா சிப் தன் பேரை சொல்லணும். சொன்னா லேப்டாப்ல இருந்து டப்பா வரைக்கும் ரூட் க்ளியர். அடுத்து ஏடிஆர்வி (ATRV) அடிங்க, பேட்டரி வோல்டேஜ் வரும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டு 010சி (010C) அடிச்சா 41 0சி 1ஏ எஃப்8 மாதிரி ஒரு பதில் வரும், கடைசி ரெண்டு ஜோடி 1ஏஎஃப்8ங்கற ஹெக்ஸ் (16 அடிப்படை) எண், அதை சாதா எண்ணா மாத்தினா 6904, நாலால வகுத்தா 1726, அதுதான் ஆர்பிஎம். 0105 அடிச்சு 41 05 7பி வந்தா 7பின்னா 123, அதுல 40 கழிச்சா கூலன்ட் 83 டிகிரி. இது வந்துடுச்சுன்னா கார் வரைக்கும் எல்லாம் சரி, இனி சாஃப்ட்வேரைத்தான் திட்டணும்.

இப்ப கம்பெனி வாரியா வருவோம், ஏன்னா ஜெனரிக் ஓபிடி2ங்கறது புகை சம்பந்தமான விஷயத்தைத்தான் காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் மாட்யூல் எதுவும் அதுல முழுசா வராது. டீசல் வெச்சிருக்கறவங்களுக்கு இது நல்லா புரியும். பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்ங்கற புகைக்கரி வடிகட்டி இருக்கு, ஓஎம்ஆர்லயும் ஜிஎஸ்டி ரோட்லயும் காலைல ஊர்ந்துகிட்டே போனா அந்தக் கரியை எரிக்கற ரீஜெனரேஷன் முடியவே முடியாது, கரி எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை காலி ஹைவேல விட்டு எரிக்கலாம், ஆனா அந்த நம்பரை ஜெனரிக் டூல் பெரும்பாலும் காட்டாது, கம்பெனி சாஃப்ட்வேர் காட்டும்.

ஃபோர்டு ஓனர்களுக்கு இதுல லக். மறைமலை நகர் ப்ளான்ட்ட மூடப்போறோம்னு 2021 செப்டம்பர்ல சொன்னப்பறம் சென்னையில எக்கோஸ்போர்ட், ஃபிகோ வெச்சிருக்கறவங்களுக்கு இருந்த கவலை கொஞ்ச நஞ்சம் இல்ல, அவங்களுக்கு ஃபோர்ஸ்கேன்ங்கற சாஃப்ட்வேர் பெரிய துணை. லேப்டாப் வெர்ஷன்தான் முழுசு, போன் வெர்ஷன் சுருக்கம். ஃபோர்டுல ஒரு விசேஷம், 6-14 பின்ல 500 கேபிபிஎஸ் கேன், 3-11 பின்ல 125 கேபிபிஎஸ்ல இன்னொரு கேன், ஆடியோ ஏசி மாதிரி விஷயம் எல்லாம் ரெண்டாவதுல. சாதா டப்பா ரெண்டாவதைத் தொடவே தொடாது. சின்ன சுவிட்ச் வெச்ச மலிவு கேபிள் இருக்கு, ஸ்கேன் நடுவுல நீங்களே தட்டணும். காசு இருந்தா ஓபிடிலிங்க் இஎக்ஸ் இல்லன்னா விலிங்கர் எஃப்எஸ், ரெண்டுமே தானா மாத்திக்கும். ஃபோர்டுக்கு ஓபிடிலிங்க் எஸ்எக்ஸ் வாங்கிடாதீங்க, பேர் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அதுல ரெண்டாவது கேன் கிடையாது.

வோக்ஸ்வேகன், ஸ்கோடான்னா ராஸ்-டெக் கம்பெனியோட விசிடிஎஸ் சாஃப்ட்வேர்தான். ஒரிஜினல் கேபிள் விலை அதிகம், மூணு கார் பத்து கார்னு லிமிட் வெச்சும் விக்கறாங்க. நகல் கேபிள் எல்லா இடத்துலயும் கிடைக்குது, ஆனா ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல செத்துடும், அதோட கூட வர்ற க்ராக் பண்ணின ஃபைல்ல என்ன வைரஸ் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பேங்க் பாஸ்வேர்டு இருக்கற லேப்டாப்ல அதை ஏத்தாதீங்க. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து பத்து கார் லிமிட் உள்ள ஒரிஜினல் ஒண்ணு வாங்கறது எவ்வளவோ மேல்.

டொயோட்டா ஓனர்களுக்கு டெக்ஸ்ட்ரீம்ங்கற சாஃப்ட்வேர். மினி விசிஐன்னு வர்ற மலிவு கேபிளோட இன்ஸ்டாலர் 32 பிட் விண்டோஸ்க்கு எழுதினது, 64 பிட்ல ஃபைலை கையால காப்பி பண்ணி ரெஜிஸ்ட்ரில மாத்தணும். ஒரு பழைய 32 பிட் லேப்டாப் கிடந்தா அதை இதுக்குன்னே ஒதுக்கிடுங்க, நிம்மதி. மாருதி, டாடா, ஹூண்டாய்க்கு வீட்ல லேப்டாப்ல ஓடற மாதிரி சுலபமா எதுவும் இல்ல, ஜெனரிக் கோடு வரைக்கும் கேபிள்ல பாத்துட்டு மத்ததுக்கு பெரிய ஸ்கேனர் வெச்சிருக்கற நல்ல மெக்கானிக்கிட்ட போறதுதான் வழி. புதுப்பேட்டை, ஜிபி ரோடு பக்கம் எலக்ட்ரீஷியன்கள் டேப்லெட் டைப் ஸ்கேனரைத்தான் கையில வெச்சிருக்காங்க, எல்லா கம்பெனி காரும் வர்ற இடத்துல அதுதான் சரி, ஒரே ஒரு காருக்காக அவ்வளவு காசு போட வேண்டியதில்ல.

லினக்ஸ்ல ஓட்டறவங்களுக்கு டிரைவர் வேலையே இல்ல, எஃப்டிடிஐ, சிஎச்340 ரெண்டும் கெர்னல்லயே இருக்கு. யூசரை டயல்அவுட் க்ரூப்ல சேர்க்கணும், அவ்வளவுதான். உபுண்டு 22.04ல மட்டும் பிஆர்எல்டிடிஒய்னு பிரெய்ல் டிஸ்ப்ளேக்கான ப்ரோக்ராம் ஒண்ணு சிஎச்340 கேபிளை தன்னுதுன்னு நினைச்சு பிடிச்சுக்கும், பிரெய்ல் டிஸ்ப்ளே யூஸ் பண்ணாதவங்க அதை எடுத்துட்டா போர்ட் வந்துடும். ஆனா ஃபோர்ஸ்கேன், விசிடிஎஸ் எல்லாம் விண்டோஸ்க்குத்தான், அதுக்காக ஒரு பார்ட்டிஷன் வெச்சுக்கோங்க.

எதை வாங்கினாலும் சரி, கோடை க்ளியர் பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்துடுங்க. க்ளியர் அமுக்கினா கோடு மட்டும் போறதில்ல, பிரச்சனை வந்த நேரம் ஆர்பிஎம் என்ன, சூடு என்னன்னு சேவ் பண்ணி வெச்ச ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும், புகை சம்பந்தமான பார்ட்ஸை கார் தானே செக் பண்ற ரெடினஸ் டெஸ்ட் எல்லாம் ஜீரோவுல இருந்து ஆரம்பிக்கும். மெக்கானிக்குக்கு வேணுங்கற துப்பே அந்த ஃப்ரீஸ் ஃப்ரேம்தான். செகண்ட் ஹேண்ட் கார் பாக்க போகும்போதும் இதையே திருப்பிப் போட்டு பாருங்க, ரெடினஸ் ஒண்ணுமே முடியாம இருந்தா கொஞ்சம் முன்னாடிதான் யாரோ கோடை அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரியை கழட்டியிருக்காங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வேளச்சேரி பக்கம் எத்தனையோ கார் தண்ணில நின்னுச்சு, சாக்கெட் பின்ல பச்சை பிடிச்சிருந்தா, கூடவே மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசலன்னு சொல்ற, யூ-ல (U) ஆரம்பிக்கற கோடு வரிசையா வந்தா, விலை பேசறதை நிறுத்திட்டு கார்ப்பெட்டை தூக்கிப் பாருங்க.

படிக்கறது வேற, எழுதறது வேற. ஈசியுல ஏதாவது மாத்தி எழுதறதா இருந்தா ப்ளூடூத்தை கிட்டயே சேர்க்காதீங்க, ஒயர்தான், லேப்டாப்புக்கு சார்ஜர், கார் பேட்டரிக்கும் ஒரு சார்ஜர், ஸ்லீப் மோடு ஆஃப். ஏசி, ஹெட்லைட், ஆடியோ எல்லாத்தையும் அணைச்சுட்டு ஆரம்பிங்க, நடுவுல வோல்டேஜ் இறங்கினா நீங்க எழுதிட்டிருக்கற மாட்யூல் திரும்ப எழுந்திரிக்காமலே போகலாம்.